ஒரு கடி கடித்து வைத்த ரொட்டி

ஜின், பேய், கண்ணூறு, தண்ணீர் ஓதிக் கொடுப்பது, இவை ஒன்றிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. இப்படித்தான் எல்லாரும் தொடங்குவார்கள் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. நினைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லிவிட்டுப் போகிறேன். என் தொழில் அப்படிப்பட்டது. புத்தளம் மாவட்டத்தில் முந்தலுக்குப் பக்கத்தில் இறால் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஒன்றில் பல வருடம் வேலை செய்தவன் நான். இறால் குஞ்சுக்குத் தீனியாக ஆர்ட்டீமியா என்று ஒரு பூச்சியின் முட்டை தகரப் பேணியில் வரும். பார்த்தால் வெறும் மண்ணிறத் தூள், வருடக்கணக்கில் செத்துப்போனது போலக் கிடக்கும், உப்புத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவிட்டால் நீந்தத் தொடங்கிவிடும். செத்தது எழும்புவதைத் தினம் காலையில் நுணுக்குக்காட்டியில் பார்க்கிறவனுக்கு ஜின் எதற்கு? அதோடு தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று நாக்கில் வைத்தே சொல்லிவிடுவேன், பிறகு கருவியை வைத்துப் பார்த்தால் அநேகமாகச் சரியாக இருக்கும். இந்த நாக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அந்தப் பேணிகளில் ஒரு பகுதி உஸ்பெகிஸ்தானிலிருந்து வருவது. அங்கே ஆரல் என்று ஒரு கடல் இருந்தது, வற்றிப்போய்விட்டது, மிச்சமிருக்கிற தண்ணீரில் உப்பு ஏறி மீனெல்லாம் செத்து, இந்தப் பூச்சி மட்டும் வாழ்கிறது. அதன் முட்டையை அள்ளிக் காயவைத்துப் பேணியில் அடைக்கிற கம்பனிக்கு, பொரிக்க வைத்துப் பார்த்துத் தரம் சொல்லத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. எப்படியோ என்னைக் கூப்பிட்டார்கள். கரைத்தீவில் எங்கள் அக்கம்பக்கத்துக்கு வெளிநாடு என்றால் சவூதி, கட்டார், குவைத்தான். "எந்த அரபி வீட்டில வேலை மகன்?" என்று கேட்ட ஒரு மாமிக்கு, அரபியும் இல்லை, வீட்டு வேலையும் இல்லை, கடல் வற்றின ஊரில் பூச்சி முட்டை எண்ணுகிற வேலை என்று விளக்கப் போய், எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று ஊரில் ஒரு கதை உலாவியது.

முதல் வருடம் தனியாகப் போனேன். நூக்குஸ் என்ற நகரம். குளிரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இன்றைக்கு முடியாது. ஸுஹ்ரா அபாவின் வீட்டில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. அபா என்றால் அங்கே மூத்த சகோதரி. ஐம்பது தாண்டிய விதவை, கடல் இருந்த காலத்தில் கரையோர ஊரொன்றில் பிறந்தவர், கடல் விலகிப் போகப்போக ஊரைவிட்டு இங்கே வந்தவர். நாங்களும் ஊரைவிட்டு வந்தவர்கள் என்று ஒருநாள் கையாலும் வாயாலும் விளக்கினேன். ஸலாம், துஆ, கிதாபு, வக்து என்று எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த சொற்களை வைத்தே பாதிக் கதை கதைத்துவிடுவோம். "உங்களை விட்டுக் கடல் போனதா?" என்று கேட்டார். இல்லை, கடல் அங்கேயே இருக்கிறது, எங்களைத்தான் போகச் சொன்னார்கள் என்றேன். அவருக்கு அது விளங்க நேரம் எடுத்தது.

அவர் வீட்டு முன்னறைச் சுவரில், வாசலுக்கு நேராக, பூப்போட்ட துணியில் சுற்றி ஓர் உருண்டைப் பொருள் ஆணியில் தொங்கும். ரொட்டி. அங்கத்தைய ரொட்டி எங்களுடையதைப் போல மெல்லியது இல்லை, நடுவில் பள்ளமும் சுற்றிவரத் தடித்த விளிம்புமாகச் சூளையில் சுடுவது, மேலே கருஞ்சீரகம் தூவியிருக்கும். வீட்டை விட்டுத் தூரம் போகிற பிள்ளை புது ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுப் போக வேண்டும், மிச்சத்தைச் சுவரில் தொங்கவிடுவார்கள், திரும்பி வந்து அவனே அதைச் சாப்பிட்டு முடிக்க வேண்டும். ரொட்டி தொங்குகிறவரை ரிஸ்க், அதாவது அவனுக்கென்று அல்லாஹ் எழுதின உணவு, அவனை வீட்டுக்கு இழுத்துக்கொண்டிருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அது அபாவின் மகன் பக்தியாரின் ரொட்டி. ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன், முதலில் பேசிக்கொண்டிருந்தான், பிறகு தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை, பிறகு ஒன்றுமில்லை, மூன்று குளிர்காலம் போய்விட்டது. அபா தினம் காலையில் அந்தத் துணியைத் தொட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவார். பாவம் என்று நினைப்பேனே தவிர அதற்கு மேல் நான் ஒன்றும் நினைத்ததில்லை.

வருட முடிவில் லீவு கிடைத்தது. மனைவி பஸ்லினாவையும் மகள் மர்யத்தையும் கூட்டிக்கொண்டு திரும்பிவந்து அங்கேயே குடியிருப்பது என்று ஏற்பாடு. புறப்படுகிற காலையில் அபா சுடச்சுட ஒரு ரொட்டியை நீட்டினார், கடித்தேன். எங்கள் பழக்கத்தில் கடித்ததைக் கடித்தபடி வைத்துவிட்டுப் போவது ரொட்டிக்கு மரியாதை இல்லை, ஆகவே இன்னொரு கடி கடிக்கப் போனேன், அவர் சிரித்துக்கொண்டே கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சுவரைக் காட்டினார். சுவருக்கு அந்தக் கிழமை வெள்ளை அடித்திருந்தார்கள், ஆணி வெறுமையாக இருந்தது. டாக்சி வந்துவிட்டதா பார்க்கிறேன் என்று அவர் வெளியே போன நேரத்தில், மேசையில் துணியில் கட்டிய பொட்டலம் ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் பக்கத்தில் பயணம் போகிறவனுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்காத வீடு உண்டா? பக்கத்திலிருக்கிற சிலாபத்துக்குப் போகிறவனுக்கே கட்டிக் கொடுக்கிறவர்கள் நாங்கள். அபா எனக்கு வழிக்குச் சாப்பாடு கட்டி வைத்திருக்கிறார் என்று ஒரு யோசனையும் இல்லாமல் அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். விமானத்தில் சாப்பாடு தந்தார்கள், பொட்டலத்தை நான் பிரிக்கவே இல்லை.

கரைத்தீவில் வீட்டுக்கு வந்து பையைக் கொட்டியபோது பஸ்லினாதான் பிரித்தாள். "என்ன இது, கல்லா?" என்றாள். காய்ந்து செங்கட்டி போலிருந்த ஒரு ரொட்டி. விளிம்பில் ஒரு கடி, அந்தக் கடியின் நடுவில் ஒரு பல் இல்லாத அளவுக்கு மேடு நின்றது. என் முன்பற்களில் இடைவெளி கிடையாது. வெள்ளை அடிப்பதற்காகச் சுவரிலிருந்து இறக்கி மேசையில் வைத்திருந்த பக்தியாரின் ரொட்டியை நான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். நூக்குஸுக்கும் எங்களுக்கும் அரை மணித்தியாலம்தான் வித்தியாசம், உடனே அழைத்தேன். அபா வீட்டையே புரட்டித் தேடி அழுது ஓய்ந்திருந்தார். நான் சொன்னதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு, "உன் வீட்டிலும் வாசலுக்கு நேராகத் தொங்கவிடு. நீ திரும்பி வரும்வரை அவன் உன் வீட்டு விருந்தாளி" என்றார்.

இனி என் உம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றதற்கு அர்த்தமில்லை. நாங்கள் மன்னார்ப் பக்கத்து ஆட்கள். தொண்ணூறில் இயக்கம் வடக்கு முஸ்லிம்களையெல்லாம் வெளியேறச் சொன்னபோது எனக்கு மூன்றோ நாலோ வயது, ஒன்றும் ஞாபகமில்லை. வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து, கொட்டிலில் இருந்து, பிறகு கரைத்தீவில் இந்த வீடு. வாப்பா இங்கே வந்த பிறகு மௌத்தாகிவிட்டார். எங்களில் மூத்தவர் என் அண்ணன், றில்வான் நானா, அப்போது பதினாறு வயது. அன்றைக்குக் காலையில், அறிவித்தல் வருவதற்கு முன்னால், கூட்டாளி கூப்பிட்டான் என்று அக்கரைக்கு வள்ளத்தில் போனவர். போனவர்தான். உம்மா தேங்காய் ரொட்டி சுட்டுக் கொடுத்திருக்கிறார், நானா ஒரு கடி கடித்துவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துவிட்டு எழும்பி ஓடிவிட்டார், வந்து சாப்பிடுவான்தானே என்று உம்மா அதை இன்னொரு கோப்பையால் மூடி வைத்தார். பகலாகும்போது நாங்களும் வள்ளத்தில் இருந்தோம். இதை உம்மா எனக்குச் சொன்னதில்லை, மாம்புரியில் கல்யாணம் முடித்திருக்கிற என் தாத்தா, அதாவது மூத்த சகோதரி, சொன்னது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தேங்காய் ரொட்டி கிடையாது. சுற்றிலும் தென்னந்தோட்டம், ஊரே விடிந்தால் ரொட்டியும் கட்டச் சம்பலும், எங்கள் வீட்டில் மட்டும் பேக்கரிப் பாண். கேட்டால், "எனக்குக் கை வராது" என்பார். இன்னொன்று, உம்மாவின் கறியில் உப்பு இருக்காது. உப்பளத்து ஊரில் இருந்துகொண்டு உப்பில்லாமல் சமைக்கிற ஒரே ஆள் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம், அவர் காதில் விழாதது போல உப்புப் போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

நாங்கள் மூன்று பேரும் உஸ்பெகிஸ்தானுக்குப் போனால் உம்மா மாம்புரியில் தாத்தாவோடு இருக்கட்டும் என்பதுதான் என் திட்டம். அதைச் சொன்னதும் உம்மா கதிரையிலிருந்து எழும்பாமலே முடிவு சொல்லிவிட்டார்.

"நான் இந்த வீட்ட விட்டு ஒரு எடமும் வரமாட்டன். மன்னாருக்குத் திரும்பிப் போற சனம் எல்லாருக்கிட்டயும் இந்த வீட்டு அடையாளந்தான் சொல்லி விட்டிருக்கன்."

"முப்பது வருசத்துக்கு மேல ஆகிட்டு உம்மா."

"அதுக்கு?" என்றார். "நீங்க போறதெண்டா போங்க. ஆனா புள்ளயக் கொண்டு போகாதீங்க. போறவங்க போற எடத்திலயே நிண்டிருவாங்க. எனக்குத் தெரியும்."

உம்மாவைத் தனியாக விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது, அவர் வெளிக்கிட மாட்டார், நான் போகாவிட்டால் வேலை இல்லை, முந்தலில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. பஸ்லினா குளிருக்கென்று மகளுக்கு வாங்கின மேலங்கியைப் பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். லீவு முடிய முடிய எனக்கு நித்திரையே இல்லை.

இதற்கிடையில் பக்தியாரின் ரொட்டி வாசலுக்கு நேரே, கலண்டருக்குப் பக்கத்தில் தொங்கியது. முதல் நாள் உம்மா, "ஆரோ கடிச்ச ரொட்டிய என்னத்துக்கு வீட்டுக்குள்ள தொங்க விட்டிருக்கீங்க?" என்று முகத்தைச் சுளித்தார். நான் வழக்கத்தைச் சொன்னேன், மூன்று குளிர்காலத்தைச் சொன்னேன். உம்மா எழும்பிப் போய்த் துணியை விலக்கி அந்தக் கடியைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். அன்றிலிருந்து அது அவர் பொறுப்பு. ஆணியைச் சுற்றி எறும்பு வராமல் மஞ்சள் தூள் பூசினார், வீட்டுக்குப் பின்னால் உப்புத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிற களப்பின் காற்றில் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று காலை வெயிலில் வைத்து எடுத்தார், எங்கள் ஈரத்தில் பாண் மூன்று நாள் தாங்காது. எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது, ஆனாலும் பரவாயில்லை, மனசுக்கு ஏதோ ஒரு வேலை கிடைத்திருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். இரவு, மழை, கரண்ட் இல்லை என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். பட்டப்பகல், நல்ல வெயில். நான் பஸ்லினாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு விசா அலுவலாகப் புத்தளம் டவுனுக்குப் போயிருந்தேன். அஸருக்குப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தோம். வாசல் கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்து கிடந்தது, உம்மா அப்படி ஒருநாளும் விடமாட்டார். முன்னறை மேசையில் ஒரு கோப்பை, இரண்டு பிளேன்டீ கிளாஸ், ரெண்டும் காலி. கதிரைக்குக் கீழே சீமெந்து நிலம் ஈரமாக இருந்தது. ஆணியில் துணி இல்லை. அது மடித்து மேசையில் இருந்தது, அதற்குப் பக்கத்தில் கருஞ்சீரகம் சிந்திக் கிடந்தது.

உம்மா குசினி வாசலில் உட்கார்ந்திருந்தார். அழுத முகம் இல்லை, பயந்த முகமும் இல்லை. நோன்பு திறந்த பிறகு ஒரு ஆறுதல் வருமே, அந்த மாதிரி இருந்தார்.

"ரொட்டி எங்க உம்மா?"

"சாப்பிட்டாச்சு."

"ஆரு?"

"ஒரு புள்ள வந்திச்சு. பசியோட. ஸலாம் சொல்லிச்சு. உள்ள வந்து ரொட்டியப் பாத்துக்கிட்டே நிண்டிச்சு. அது கேக்கல்ல, நான்தான் எடுத்துக் குடுத்தன்."

"அது கல்லு மாதிரியெல்லா இருந்திச்சு!"

"பிளேன்டீல தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டிச்சு."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் முதலில் வந்தது ஆத்திரம்தான். உப்பளத்தில் வேலை செய்கிற எவனோ தண்ணி கேட்டு வந்திருப்பான், உம்மா அபா நம்பி ஒப்படைத்த அமானிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். "அவங்கட மகன்ட ரொட்டியெல்லா உம்மா அது! நான் அந்த மனுசிக்கு என்ன வதில் சொல்றது?" என்று சத்தம் போட்டேன்.

உம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "பசிச்சு வந்த புள்ளைக்கு ஆர்ட ரொட்டி எண்டு பாக்கிறதா?"

எந்தப் பக்கத்தால் வந்தான் என்று பஸ்லினா கேட்டாள். உம்மா களப்பைக் காட்டினார். எங்கள் வீட்டுக்கு அந்தப் பக்கம் பாதை இல்லை, சேறும் தண்ணீரும்தான், நண்டு பிடிக்கிறவன்கூட வள்ளத்தில்தான் வருவான். அடுத்த வீட்டில் கேட்டேன், ஒருவரும் யாரையும் காணவில்லை, அவர்கள் நாய் குரைக்கவும் இல்லை. மடித்திருந்த துணியை எடுத்தபோது உள்ளே கனத்தது. இரண்டு விரல் அளவு ரொட்டித் துண்டு ஒன்று மிச்சம். "அத ரொட்டிக்குச் சொந்தக்காரங்களுக்கு வைக்கச் சொல்லிச்சு" என்றார் உம்மா. நான் அதை உற்றுக்கூடப் பார்க்கவில்லை. இருந்த ஆத்திரத்தில் மாதிரி எடுக்கிற போத்தல் ஒன்றில் போட்டு மூடி, பையில் எறிந்துவிட்டேன்.

அபாவுக்கு எப்படிச் சொல்வது என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்துகொண்டிருந்தேன். மஃரிபுக்கு முன்னால் போன் தானாக அடித்தது. அபா. அழுகிறார், சிரிக்கிறார், எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிறகு ஒரு ஆண் குரல், "அஸ்ஸலாமு அலைக்கும், நான் பக்தியார்" என்றது. அன்று பின்னேரம்தான் பேருந்தில் வந்து இறங்கியிருக்கிறான். ரஷ்யாவில் ஆவணங்களைத் தொலைத்து, ஒளித்திருந்து, நோயில் விழுந்து, அது பெரிய கதை. பார்த்தீர்களா, உயிரோடுதான் இருக்கிறான், நீங்கள் வேறு மாதிரி எதிர்பார்த்திருப்பீர்கள், நானும் அந்த ஒரு கணத்தில் அப்படித்தான் பயந்தேன். ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டார்கள் என்று மென்று விழுங்கிச் சொன்னேன். அபா கோபிக்கவே இல்லை. "மிச்சம் ஏதும் இருக்கிறதா? ஒரு துணிக்கை இருந்தாலும் கொண்டு வா, அவன் முடிக்க வேண்டும்" என்றார்.

எனக்குள் ஒரு எண்ணம் ஓடியது. சிரிக்காதீர்கள். வீடியோ அழைப்பைப் போட்டு, போனை உம்மாவிடம் கொண்டு போய், பக்தியாரின் முகத்தைக் காட்டினேன். முப்பது வயது, தாடி, சிரித்தபோது முன்பல்லில் அதே இடைவெளி. "இவர்தானா உம்மா வந்தது?"

உம்மா போனைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். பார்த்துவிட்டு அவனுக்கு ஸலாம் சொன்னார், "உம்மாவ விட்டிட்டு இனி எங்கயும் போயிராதீங்க மகன்" என்று தமிழில் புத்தி சொன்னார், அவனும் என்ன விளங்கிச்சோ நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டினான். போனை என்னிடம் தந்துவிட்டு உம்மா மெதுவாகச் சொன்னார்.

"இவரில்ல. இவர் பெரிய ஆள். வந்தது சின்னப் புள்ள, மீசை அரும்பினது."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றால், எனக்குப் பயம். உம்மாவுக்கு வயசாகிறது, நினைவு தடுமாறுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பஸ்லினாவுக்கும் அதையே சொன்னேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "மாமிக்கு என்னையும் உங்களையும்விட நினைவு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அடுத்த நாள் காலையில் உம்மா தன் உடுப்புகளை அலுமாரியிலிருந்து எடுத்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். மாம்புரிக்குப் போவதற்கு. நாங்கள் ஒன்றும் கேட்கவுமில்லை, கெஞ்சவுமில்லை. "வீட்ட வாடகைக்குக் குடுங்க, சும்மா பூட்டிக் கெடந்தா கறையான் புடிச்சிரும்" என்றார். அவ்வளவுதான். முப்பது வருடமாக ஒரு ராத்திரிகூட வெளியே தங்காமல் காத்துக் கிடந்த வீட்டை, ஒரு பழைய பாயைச் சுருட்டி வைப்பது போல விட்டுவிட்டார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். குசினிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

நாங்கள் வெளிக்கிடுகிற அன்று மாம்புரியில், நூக்குஸ் ரொட்டிக் கதையில் கேட்டதைப் போல பாணில் ஒரு கடி கடித்துத் தரட்டுமா என்று மகள் கேட்டாள். பிள்ளைக்கு அது விளையாட்டு. உம்மா பாணைத் துண்டு போட்டுக் கையில் கொடுத்தார். "கடிச்சு வைக்கத் தேவல்ல. முழுசாச் சாப்பிட்டிட்டுப் போங்க. அரைகுறையா விட்டிட்டுப் போனா பொறகு ஆளொண்டு அதப் பாத்துக்கொண்டே இருக்கணும்."

நூக்குஸில் எங்களுக்குப் பெரிய வரவேற்பு. சுவரில் தொங்கிய என் ரொட்டியை இறக்கி வைத்தார்கள், கல்லாகியிருந்த அதைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டு முடித்தேன். பிறகு பையிலிருந்து அந்தப் போத்தலை எடுத்து பக்தியாரிடம் கொடுத்தேன். அவன் பிஸ்மி சொல்லி அந்தத் துண்டில் ஒரு கடி கடித்தான். மெல்லுவதை நிறுத்தினான். மிச்சத்தைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து, அம்மாவிடம் ஏதோ கேட்டான். அபாவும் பார்த்தார், தலையை ஆட்டினார். இது என்ன வெள்ளையாக, எங்கள் ரொட்டியில் இப்படி ஒன்று போடுவதில்லையே என்று என்னிடம் நீட்டினார்கள்.

பஸ்லினாதான் முதலில் கண்டது. "இஞ்ச பாருங்க," என்றாள், "இது தேங்காய்ப்பூ."

மேலே கருஞ்சீரகம் இருந்தது. துணியில் ஒட்டி வந்ததோ என்னவோ. ஆனால் உள்ளே மாவோடு மாவாகத் துருவிய தேங்காய். கடல் வற்றிப்போன அந்த நாட்டில் தென்னை மரத்தைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். எங்கள் வீட்டிலும் எனக்குத் தெரிந்து ஒருநாளும் தேங்காய் ரொட்டி சுட்டதில்லை. அன்று உம்மா அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டிருந்தால் அடுப்பில் தாச்சிச் சட்டி இருந்திருக்கும், மா சிந்தியிருக்கும், நான் குசினிக்குள் போனேனே, ஒன்றும் இல்லை. அந்தத் துண்டு காயவும் இல்லை, புளிக்கவும் இல்லை. பக்தியார் தன் பங்கைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, சகோதரன் மாதிரி என்று மிச்சத்தை என் கையில் வைத்தான், நானும் வாயில் போட்டேன். எனக்கு அந்த ருசி தெரிந்திருக்க நியாயமில்லை, மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும்? ஆனால் வாய்க்குத் தெரிந்திருந்தது. அதோடு இன்னொன்றும் நாக்குக்குத் தெரிந்தது, உப்பு. மாவில் யாரோ அவசரத்தில் ஒரு கை கூடப் போட்டுவிட்ட உப்பு.

அன்று பின்னேரம் உம்மாவுக்கு அழைத்தேன். வந்து சேர்ந்துவிட்டோம், பிள்ளை குளிரில் துள்ளி விளையாடுகிறாள், அந்தத் துண்டையும் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். தேங்காய்ப்பூவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான் சாப்பிட்டதையும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை.

"முழுசா முடிச்சாச்சா?" என்று கேட்டார்.

"ஓம் உம்மா. மிச்சமில்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

"மகன்," என்றார். "உப்புக் கூடவா இருந்திச்சா?"

நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"அண்டைக்குக் காலையில அவசரத்தில ரெண்டு தரம் போட்டிட்டனோ எண்டு எனக்கு ஒரு சந்தேகம். அதான் ஒரு கடியோட வச்சிட்டு எழும்பிட்டானோ எண்டு... வந்த புள்ளயிட்ட கேக்க வாய் வரல்ல. நல்லாச் சாப்பிட்டான். ஆனா அவன் எப்பவும் சொல்லமாட்டான்."

உப்பை நாக்கால் அளந்து சொல்கிற தொழில்காரன் நான். அந்த உப்பு இன்றைக்கும் என் நாக்கில் இருக்கிறது, எவ்வளவு கூட என்றுகூட உங்களுக்குச் சொல்ல முடியும்.

"இல்ல உம்மா," என்றேன். "அளவாத்தான் இருந்திச்சு."